ஓரெழுத்து

டுலூத்தில் மார்ச் கடைசி.
ஏரியின் பனிக்கட்டி இன்னும் முழுதாய் விலகவில்லை.
ரோல்ஃபும் நானும் எல்லாவற்றையும் பிரித்தாயிற்று:
கார் அவனுக்கு, ரெக்கார்ட் பிளேயர் எனக்கு,
கடன் பாதிப் பாதி,
அவன் அத்தை தந்த காப்பிக் கெட்டில் யாருக்கும் வேண்டாம்.
மிஞ்சியது ஒரே நாடகத்தின் மூன்று பதிவுகள்.

‘பெட்ரோல் பங்க்கில் ஒரு புனிதை’.
கல்லூரி விடுதியில் நாங்கள் மாறி மாறிக் கத்திய ராக் நாடகம்.
நெடுஞ்சாலையில் தன்னை இறக்கிவிட்டுப் போனவன்
தெரியாமல் அங்கேயே வந்து நிற்க,
இரவு ஷிப்டில் ரோசல்
அவன் டாங்க்கை நிரப்பிக் கொடுக்கும் இரண்டாம் அங்கம்.

கேட்டுவிட்டுப் பிரிக்கலாம் என்றான்.
இருந்தது ஒரு நாற்காலி. நான் தரையில்.

முதலில் நியூயார்க், எழுபத்திரண்டு. இசைத்தட்டு.
காட்சி இல்லாத ஒரு திங்கட்கிழமை
காலையில் தொடங்கி நள்ளிரவில் முடித்தார்களாம்,
அட்டையின் பின்பக்கம் பெருமையாய்ப் போட்டிருக்கும்.
அந்த நள்ளிரவு அவள் தொண்டையில் தெரிகிறது.
டிரம்மர் ஓடுகிறான், கடைசி ரயில் அவனுக்கு மட்டும்தான் என்பதுபோல.
உச்சியில் குரல் உடைகிறது.
திருப்பிப் பாட நேரமில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

லண்டன், எழுபத்தாறு. கேசட்.
அவன் கீழே போய்க் காரிலிருந்து கொண்டுவந்தான்,
கூடவே சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த
பக்கத்து வீட்டு மின்டியின் டேப் ரெக்கார்டரைக் கடன் வாங்கி.
உடைந்த இடத்தைப் பித்தளை ஊதுகுழல்களால் அடைத்திருக்கிறார்கள்,
ஒழுகும் கூரைக்குத் தார் பூசுவதுபோல.
ரோல்ஃபுக்கு என்றும் இதுதான்.
“சுருதி சுத்தம், லெனோர். ஒரு சொல்கூடத் தப்பாமல் கேட்கிறது.”
கேட்கிறது. உண்மைதான்.
போன வாரம் கோர்ட்டில்
எங்கள் மனுவை வாசித்ததும் அப்படித்தான் கேட்டது.

பிறகு மறுமேடை. சிடி.
போன கிறிஸ்துமஸுக்கு அவனுக்காக வாங்கி,
காகிதம் சுற்றி, கொடுக்காமல் வைத்திருந்தது.
புதிய பெண். அதே உச்சி. அதே இடத்தில்
அவளும் உடைகிறாள், அளந்து,
முதல் தட்டைத் தேயத் தேயக் கேட்டு வளர்ந்தவள்.
வாரத்துக்கு எட்டு முறை உடைந்திருப்பாள்
என்று சிரித்தேன்.
பாதியில் சிரிப்பு நின்றது.
நானும் பழகிய இடத்தில்தானே அழுகிறேன்.

பாட்டின் கடைசிச் சொல் ஒரே எழுத்து.
குழாயை மாட்டி, மூடியைத் திருகி,
போ.
நியூயார்க்காரி சொல்கையில் அது போகாதே.
லண்டன்காரி சொல்கையில் ஐந்து டாலர் ஆயிற்று, போ.
புதியவள் சொல்கையில் கார் எப்போதோ போய்விட்டது,
அவள் சாலையிடம் சொல்கிறாள்.

“மறுபடி போடு.”
“எதை?”
“அந்த எழுத்தை மட்டும்.”
ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்தான்.
இருபத்துமூன்று வருஷமாய் அந்தப் பள்ளம்
அவன் விரலுக்குத் தெரியும்.

அப்போது கால்வாயில் ஒரு கப்பல்,
பருவத்தின் முதல் இரும்புத்தாதுக் கப்பல், ஒலி எழுப்பியது.
தூக்குப் பாலம் அதையே திருப்பிச் சொன்னது.
“பாலம் கொஞ்சம் இறங்கிப் பாடுகிறது”
என்றோம், இரண்டு பேரும், ஒரே மூச்சில்.
அதற்குப் பிறகு எதுவும் பேச முடியவில்லை.

கடைசியில் அவன் தட்டை எடுத்துக்கொண்டான்.
அவன்! நான் வீம்புக்கு லண்டனை.
சிடி கெட்டிலோடு நன்கொடைப் பெட்டிக்குள்.
வாசலில் பூட்ஸ் கயிற்றை வெகுநேரம் கட்டினான்.
சாலை உறைவதற்குள் போ, என்றேன்.

கார் மலைச்சரிவில் திரும்பிய பிறகுதான் உறைத்தது.
மின்டியின் டேப் ரெக்கார்டரைக் காலையில் திருப்பித் தரவேண்டும்.
கேசட் ஓடும் கார் அவனிடம்.
தட்டு சுழலும் பெட்டி இங்கே,
என் முழங்காலுக்குப் பக்கத்தில்,
அணைக்க மறந்து,
வெறுமனே சுற்றிக்கொண்டு.